உயிருள்ள பக்கம்

லேத்துக்காரரின் இடது தொடையில் அன்று புதிதாக ஒரு சூட்டுக் காயம் இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்த அச்சு. ஓரம் சிவந்து, நடுவில் நீர் கோத்துக் கொப்புளம் கட்டியிருந்தது. நர்ஸம்மா போர்வையைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே மூன்றாவது நாளாக மழை தூறிக்கொண்டிருந்தது. அறைக்குள் டெட்டால் வாடையும் நனைந்த துணி வாடையும் கலந்து கிடந்தன.

இதற்கு முன் மூன்று காயங்கள் பார்த்திருக்கிறாள். மூன்றும் வலது பக்கம். முதலாவது முழங்காலுக்கு மேலே. வெந்நீர்ப் பை பட்டுவிட்டது என்றாள் லேத்துக்காரரின் மனைவி. இரண்டாவது விலாவில், கட்டில் சட்டம் உரசிவிட்டது என்றாள். மூன்றாவதற்கு நர்ஸம்மா காரணம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். 'தோல் உரிவு, களிம்பு போடப்பட்டது' என்று நோட்டில் எழுதிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பக்கவாதம் அடித்த இந்தப் பதினான்கு மாதமாக லேத்துக்காரருக்கு வலது பக்கம் என்று ஒன்று கிடையாது. வலது கை, வலது கால், பாதி வாய், பேச்சு முழுக்கப் போய்விட்டன. அந்தப் பக்கம் ஊசியால் குத்தினாலும் முகம் சுளிக்காது. இடது பக்கம் அப்படியில்லை. முப்பது வருஷம் கடைசல் பட்டறையில் இரும்பைப் பிடித்துத் திருகிய கை அது. படுக்கையில் கிடந்தும் அதன் கெட்டி குறையவில்லை. கட்டில் கம்பியை அவர் பிடித்தால் கட்டிலே கிறீச்சிடும்.

காயம் பக்கம் மாறியிருக்கிறது என்பது நர்ஸம்மாவுக்குப் புரிய அரை நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்கு முன்பே சபையின் சுகாதார ஊழியத்தை எடுத்துக்கொண்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் பின்னறையில் ஒரு மேசையைப் போட்டுப் பிரஷர் பார்க்கிற மெஷினோடு உட்காருவாள். கிழவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

"உப்பைக் குறைங்கன்னு எத்தன தடவ சொல்றது பெரியவரே?"

"வீட்டுல ஒருத்தி அதையேதான் சொல்றா. அதுக்குப் பயந்து இங்க ஓடி வந்தா நீங்களும் ஆரம்பிச்சா நான் எங்கதான் போறது?"

"மேலதான் போவீங்க. சீக்கிரம் போவீங்க."

"அங்கயாவது சாப்பாட்டுல உப்பு இருக்குமா?"

வரிசை சிரிக்கும். நர்ஸம்மாவும் சிரித்துக்கொண்டே கைப்பட்டியைச் சுற்றுவாள். வார நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கழுவுவாள், சிறுநீர்ப் பை மாற்றுவாள், நகம் வெட்டுவாள். கடைசியில் கையைப் பிடித்து ஜெபம் செய்வாள். அவள் ஜெபத்தில் பெரிய வார்த்தைகள் இருக்காது. அதற்காகவே ஜனங்களுக்கு அவளைப் பிடிக்கும்.

லேத்துக்காரரின் மனைவி அந்தப் பின்னறைக்கு முதன்முதலில் வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு. பிரஷர் பார்க்கத்தான் வந்தாள். கைப்பட்டியைச் சுற்றுவதற்காக ஜாக்கெட் கையை ஏற்றியபோது புஜத்தில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம் என்று கறுத்துக் கிடந்தது. விழுந்துவிட்டேன் என்றாள். நர்ஸம்மா கதவைச் சாத்தினாள். "இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட இருக்கும். தைரியமா சொல்லு" என்றாள்.

அவள் சொன்னாள். அன்றும் சொன்னாள், அதற்குப் பிறகும் சொன்னாள். பதினோரு தடவை. ஒருமுறை காதுச் சவ்வு கிழிந்து வந்தாள். ஒருமுறை ஸ்பேனரால் அடிபட்ட மணிக்கட்டோடு. ஒருமுறை பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு. ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு முகம் வந்தால் டாக்டர் எழுதியாக வேண்டும், போலீஸுக்குத் தகவல் போயாக வேண்டும். பின்னறையில் அந்த மாதிரிப் படிவங்கள் எதுவும் இல்லை. இல்லாதது நல்லது என்றுகூட அப்போதெல்லாம் நர்ஸம்மா நினைத்தாள். இங்கே ஒரு மனுஷி நம்பிப் பேசலாம், யாரும் எழுதிவைத்துத் துரத்த மாட்டார்கள் என்று. கட்டுப் போட்டாள், தைலம் தடவினாள், சேர்ந்து அழுதாள், ஜெபம் செய்தாள். நோட்டில் 'விழுந்தது' என்று எழுதினாள். பிறகு வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்த ஞாயிறு லேத்துக்காரர் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் பாடும்போது, அந்தக் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மற்றவர்களைப் போலவே அவளும் தலையசைத்தாள்.

பக்கவாதம் வந்த பிறகு சபை நன்றாகத்தான் நடந்துகொண்டது. செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு பெண்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் மனைவி பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். ஆறு மாதம் அப்படிப் போயிற்று.

அதைக் கெடுத்தது நர்ஸம்மாதான். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் சுகாதார ஊழிய அறிக்கை வாசிப்பது அவள் பொறுப்பு. எத்தனை வீடு போனோம், யாருக்கு ஆபரேஷன், யாருக்குச் சூப் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அந்த மாதம் அவள் தாளில் இல்லாத இரண்டு வரி சேர்த்து வாசித்தாள். லேத்துக்காரரின் மனைவி கணவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறார், உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை, நாம் எல்லோரும் இந்தச் சகோதரியிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். பதினோரு தடவை கொடுக்காத எதையோ ஒரே மூச்சில் கொடுத்துவிடப் பார்த்தாள் போலிருக்கிறது. போதகர் அவளை முன்னால் அழைத்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. மனைவி புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அடுத்த வாரம் ஆர்கன் வாசிக்கிற அம்மாள் நர்ஸம்மாவிடம் சொன்னாள். "அங்கதான் அவங்களே எல்லாம் பிரமாதமா பாத்துக்கறாங்களே. நாம போய் நடுவுல என்ன செய்யப் போறோம்? இரட்டைக் குழந்தை பொறந்த வீட்டுல அந்தப் பொண்ணு தவிச்சிட்டு இருக்கு. முறையை அங்க மாத்திடலாமா?"

மாற்றிவிட்டார்கள். ஊரே கைதட்டிய பிறகு, எனக்குத் தூக்கம் வேண்டும் என்று எவளால் கேட்க முடியும்?

அதற்கு மூன்று மாதம் கழித்து வெந்நீர்ப் பை பட்டது.

"இது எப்ப?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

மனைவி ஜன்னலோரம் நின்று ரொட்டியைப் பிய்த்துப் பால் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஜன்னலுக்குக் கீழே பூட்டிக் கிடக்கும் பட்டறையின் தகரக் கூரையில் மழை தட்டியது.

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"நேத்து."

"என்ன பட்டுச்சு?"

"ஏதாவது எழுதிக்கோங்க நர்ஸக்கா. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

நர்ஸம்மா பையிலிருந்து பஞ்சையும் உப்புநீர்ப் பாட்டிலையும் எடுத்தாள். லேத்துக்காரர் மல்லாந்து கிடந்தார். கண்கள் மட்டும் இவளிடமிருந்து அவளிடமும், அவளிடமிருந்து இவளிடமும் போய்வந்தன. பேச்சுதான் போயிற்று. காது நன்றாகக் கேட்கும்.

"இது இடது பக்கம்" என்றாள் நர்ஸம்மா.

"தெரியும்."

"இதுவரைக்கும்..."

"இதுவரைக்கும் செத்த பக்கம்." மனைவி கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே பழுப்பு வளையம். முகம் அமைதியாகத்தான் இருந்தது. "அது வலிக்காது. மரக்கட்டையில சூடு வெச்ச மாதிரி. அவரு பாட்டுக்கு மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடப்பாரு. வெச்சேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கே தெரியாது. உசுருள்ள பக்கத்தத் தொட மாட்டேன்னு எனக்குள்ள ஒரு கோடு போட்டு வெச்சிருந்தேன்."

"நேத்து என்ன ஆச்சு?"

"துப்பினாரு. மூஞ்சியில. ரொட்டியும் பாலும். தொடச்சிட்டு மறுபடி ஊட்டினேன், மறுபடி துப்பினாரு. அதுகூடப் பரவாயில்ல. பாதி வாயால சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பெட்ஷீட் தேய்க்கறதுக்குப் பெட்டி சூடாயிட்டு இருந்துச்சு."

"கத்தினாரா?"

"தெருவே கேக்கக் கத்தினாரு. எதிர்ல டெய்லர் மிஷினை நிறுத்திட்டு எட்டிப் பாத்தான். வயித்து வலின்னு சொன்னேன். பாவம்மா நீங்கன்னான்."

மழை கூரையை விட்டுச் சுவரில் அடித்தது. மனைவி மிகவும் மெதுவாக, பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"நல்லா இருந்துச்சு நர்ஸக்கா. அவரு கத்தினது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"ஏம்மா இத்தன நாளா என்கிட்ட சொல்லல?"

மனைவி நர்ஸம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அசல் சிரிப்பு. தோள் குலுங்கியது.

"உங்ககிட்டயா? உங்ககிட்ட நான் சொல்லாதது என்ன இருக்கு? காது போனப்ப சொன்னேன். பல்லு விழுந்தப்ப கையிலயே கொண்டாந்து காட்டினேன். கட்டுப் போட்டீங்க. கையப் புடிச்சி ஜெபம் பண்ணீங்க. அழகா பண்ணீங்க, பொய் சொல்லக் கூடாது. நானே அழுதேன். அப்புறம் என்ன சொன்னீங்க? வீட்டுக்குப் போம்மா, இருட்டப் போகுதுன்னீங்க. வீட்டுலதானே நர்ஸக்கா இருந்தாரு அவரு?"

"நான்..."

"இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோடன்னீங்க. அதை நீங்க மட்டும் காப்பாத்தல, நானும் காப்பாத்தினேன். எம் பொண்ணுக்கே தெரியாது. அப்பா பாவம், அப்பாவ நல்லா பாத்துக்கோன்னு போன்ல அழுவுறா. இப்ப இந்த ரூம்ல நடக்கிறதும் இந்த ரூமோட இருக்கட்டும். என்ன தப்பு?"

"செத்துப்போயிடுவாரும்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்து எங்கன்னு எனக்கே தெரியல" என்றாள் மனைவி. "காலையில தலையணை உறை மாத்தினேன். உறை போட்டு முடிச்சும் தலையணையக் கீழ வெக்கத் தோணல. கையிலயே புடிச்சிட்டு நின்னேன். பால் பொங்கி வழியிற சத்தம் கேட்டுச்சு. அதனால போனேன். பால் பொங்கலன்னா?"

"முறைக்கு ஆள் வரச் சொல்றேன். இன்னைக்கே சொல்றேன்."

"வந்தாங்களே. நல்லாத்தான் வந்துட்டு இருந்தாங்க. என்னையப் பத்தி எல்லார் முன்னாலயும் வாசிச்சீங்க பாருங்க, அன்னையோட முடிஞ்சுது. எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு என்னமோ சவப்பெட்டியில ஆணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு." அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி விடுங்க. முதுகு நனைஞ்சு கெடக்கு. திருப்பிப் போடணும். புடிங்க."

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் போட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நர்ஸம்மாதான். ஒருத்தர் தோளுக்குக் கீழே, ஒருத்தர் இடுப்புக்குக் கீழே. துணியோடு சேர்த்து இழுக்க வேண்டும், தோலை இழுக்கக் கூடாது. நர்ஸம்மா வலது பக்கம் போனாள். மனைவி இடது பக்கம் வந்தாள். எத்தனையோ முறை செய்த வேலை. கை தன் பாட்டுக்குப் போயிற்று.

மனைவி தோளுக்கடியில் துணியைச் செருகக் குனிந்தாள். லேத்துக்காரரின் இடது கை எழுந்தது. மெதுவாகத்தான் எழுந்தது. அவர் கன்னத்தைச் சொறிந்துகொள்ளப் போகிறார் என்றே நர்ஸம்மா நினைத்தாள். அந்தக் கை மனைவியின் தொண்டையைப் பிடித்தது.

சத்தமே வரவில்லை. மனைவியின் வாய் திறந்தது, நாக்கு தெரிந்தது, அவ்வளவுதான். அவர் அவளைத் தன் மார்பின் மேல் இழுத்து அழுத்தினார். பக்கத்து மேசை சாய்ந்து, பால் கிண்ணம் தரையில் உருண்டது. நர்ஸம்மா கட்டிலைச் சுற்றி ஓடினாள். பாலில் வழுக்கி முழங்கால் தரையில் மோதியது. எழுந்து அந்த விரல்களைப் பிடித்து இழுத்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை.

"அண்ணே! விடுங்க! அண்ணே!"

மணிக்கட்டில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். அவர் அவளைப் பார்க்கவேயில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவப்பு தாண்டி நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மனைவியின் கை பின்னால் துழாவியது. படுக்கையின் மேல் நர்ஸம்மாவின் பை திறந்து கிடந்தது. துழாவிய கையில் கட்டு வெட்டும் கத்தரிக்கோல் அகப்பட்டது. கை உயர்ந்தது. அது போக வேண்டிய இடம் அவர் கண்.

நர்ஸம்மா இடது கையால் கத்தரிக்கோலைப் பிடித்தாள். பிடித்தது பிடியை அல்ல, அலகை. உள்ளங்கையில் சூடாக ஏதோ ஓடியது. வலது கையால் லேத்துக்காரரின் கட்டைவிரலைப் பற்றினாள். விரல்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் மடங்காது என்பதெல்லாம் முப்பத்துநாலு வருஷம் கைக்குத் தெரிந்த பாடம். மடங்காத பக்கம் மடக்கினாள். பச்சைக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம்.

அவர் அலறினார். தாடையெல்லாம் எச்சில் வழியக் கட்டிலே அதிரும்படி அலறினார். மனைவி சரிந்து தரையில் விழுந்து, பாலிலும் ரொட்டித் துண்டுகளிலும் கையூன்றி இருமினாள், ஓங்கரித்தாள், மூச்சிழுத்தாள். கத்தரிக்கோல் எங்கோ போய் விழுந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது. கை விட்டுவிட்டது, கழுத்து தப்பிவிட்டது. ஆனாலும் நர்ஸம்மா அந்த ஒடிந்த கட்டைவிரலை விடவில்லை. இன்னும் கொஞ்சம் மடக்கினாள். அவர் அலறல் இன்னும் ஒரு படி ஏறியது. அவள் மறுபடியும் மடக்கினாள்.

"நர்ஸக்கா" என்றாள் தரையிலிருந்து மனைவி, குரல் கிழிந்து. "போதும். விடுங்க."

நர்ஸம்மா குனிந்து தன் கையைப் பார்த்தாள். அதுவே விடட்டும் என்று காத்திருந்தாள். அது விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆம்புலன்ஸில் மூன்று பேரும் போனார்கள். நர்ஸம்மா உள்ளங்கையில் துண்டைச் சுற்றியிருந்தாள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர் பெண். லேத்துக்காரரின் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எப்படி ஆச்சு?"

"கட்டில்லேர்ந்து..." என்று மனைவி ஆரம்பித்தாள். சால்வையைக் கழுத்தோடு இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

"நான் ஒடிச்சேன்" என்றாள் நர்ஸம்மா.

டாக்டர் பேனாவை நிறுத்தினாள்.

"நான்தான். தெரிஞ்சேதான் ஒடிச்சேன். ஒடிஞ்ச அப்புறமும் மடக்கினேன், அதையும் எழுதுங்க. இவங்க கழுத்தப் பாருங்க. சால்வைய எடும்மா. இவங்க காதையும் பாருங்க, வலது காது, பழசு. என் நோட்டு பையில இருக்கு. பன்னெண்டு வருஷத்துல பதினோரு தடவ எழுதியிருக்கேன். எல்லாத்துலயும் பொய்தான் எழுதியிருக்கேன். தேதி மட்டும் நிஜம்."

"உங்கள யாரு சொல்லச் சொன்னா?" மனைவியின் கண்களில் கோபம் கொதித்தது. "யாரக் கேட்டு சொல்றீங்க? வாய மூடுங்க!"

"பன்னெண்டு வருஷம் மூடித்தானே இருந்தேன்."

டாக்டர் லேத்துக்காரரின் உடையை விலக்கினாள். ஆஸ்பத்திரி விளக்கில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வலது முழங்கால், வலது விலா, வலது புட்டம். பிறகு இடது தொடை. அவள் நான்கையும் விரலால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நர்ஸம்மாவைப் பார்த்தாள். அதைச் சொல்வது தன் வேலை இல்லை என்று நர்ஸம்மா நின்றாள். சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று.

மனைவி சால்வையைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தாள். நன்றாக, ஓரம் ஓரத்தோடு சேரும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது நான்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. ஒரு பெண் போலீஸ் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கினாள். எழுதும்போது இரண்டு முறை நிறுத்தி டீ வாங்கிவரச் சொன்னாள். மூன்று டீ. கூப்பிடும்போது வர வேண்டும், ஊரை விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றாள். நர்ஸம்மாவின் உள்ளங்கையில் ஏழு தையல் போட்டார்கள்.

போதகர் குடையோடு வந்தார். வராந்தாவில் நர்ஸம்மாவைத் தனியாக அழைத்துப் போனார். நல்ல மனுஷர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத நாம உள்ளுக்குள்ளயே பேசித் தீத்திருக்கலாமேம்மா. போலீஸ் வரைக்கும்..."

"உள்ளுக்குள்ளதான் ஐயா இத்தன வருஷமும் இருந்துச்சு."

"ஊழியத்துக்கே கெட்ட பேரு."

"ஆமா ஐயா. கெட்டதாத்தான் நடந்திருக்கு. மாசக் கடைசியில அறிக்கை இருக்கு, நானே வாசிக்கிறேன். அதுக்கப்புறம் ஊழியத்துல வெச்சுக்கறதும் வேண்டாங்கறதும் உங்க இஷ்டம்."

போதகர் குடையை விரித்தார், மடக்கினார். மழை விட்டிருந்தது.

மனைவியை நர்ஸம்மா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சூப்பும் இரண்டு துண்டு ரொட்டியும் கொடுத்தாள். மனைவி சாப்பிட்டாள். மதியம் படுத்தவள் மறுநாள் காலை வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை தூக்கத்தில் கை நீட்டிக் காற்றில் யாரையோ திருப்பிப் போட்டாள். மறுநாள் மகள் வந்தாள். அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். அந்த ஐந்து விரல் தடத்தையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எத்தன நாளாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். நர்ஸம்மா அவர்களை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்த் துணி உலர்த்தினாள். ஒரு கையால் உலர்த்துவதற்கு நேரமாயிற்று. அவள் இரண்டாம் முறை கொடிக்குப் போய்விட்டு வந்தபோதும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன் தையலைக் காட்ட வந்தவளின் கால் தானாக ஆண்கள் வார்டுக்குப் போயிற்று. லேத்துக்காரரின் இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. இப்போது அவருக்கு எந்தக் கையும் இல்லை. தலைமாட்டில் கிண்ணத்தில் ரொட்டி ஊறிக்கொண்டிருந்தது. வார்டு ஆயா அடுத்த கட்டிலில் ஒருவருக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க நர்ஸுதானே? புண்ணியமாப் போகும், இவருக்கு நாலு வாய் ஊட்டிவிட்டுடுங்க. காலையிலேர்ந்து ஒத்த ஆளா ஓடிட்டு இருக்கேன்."

நர்ஸம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். லேத்துக்காரர் அவளைப் பார்த்ததும் கண்ணை விரித்தார். தலையணையில் தலையைப் பின்னுக்கு அழுத்திக்கொண்டார். அவள் கரண்டியை நீட்டியதும் வாயைத் திறந்துவிட்டார். எதிர்ப்பே இல்லை. விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார். கண் மட்டும் அவள் கையை விட்டு நகரவில்லை. அவள் கை எங்கே போகிறதோ அங்கே போயிற்று.

மூன்றாவது கரண்டியை அவள் வாய்க்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று தெரியாமலே நிறுத்தினாள். அவர் திறந்த வாயோடு காத்திருந்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அவள் கொடுத்தாள். நாலாவதையும் நிறுத்தினாள். இந்த முறை இன்னும் கொஞ்சம் அதிக நேரம். அவர் கண்ணில் நீர் திரண்டு, காதுப் பக்கமாக வழிந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று இதமாகக் காலை நீட்டிப் படுத்தது.

இதம் என்று தெரிந்த அந்த நொடி நர்ஸம்மா கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். எழுந்து கிண்ணத்தோடு ஆயாவிடம் போனாள்.

"இந்தாம்மா. நீ ஊட்டு. என்னால முடியாது."

"ஏன்கா, கை வலிக்குதா? தையல் போட்டிருக்கே."

"கை வலிக்கல. அவரப் பயமுறுத்திட்டு இருக்கேன். நல்லா இருக்கு எனக்கு. அதான் கொண்டாந்து குடுக்கறேன்."

ஆயா சட்டையின் பொத்தானைப் பிடித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அப்படியா" என்றாள். பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வெளிய போய் உக்காருங்க. எனக்கும் சில நாள் அப்படி வரும். அடுத்த வார்டுலேர்ந்து ஒரு ஆளக் கூப்புட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வார்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.